மாதவிடாய் நிற்கும் பருவம்: ஹோமியோபதி எதுவரை துணை வரும்?

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் பலர், காரணம் புரியாத தொல்லைகளோடு நாளைக் கடத்துகிறார்கள். திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை சூடு ஏறுகிறது. இரவில் வியர்வையில் தலையணை நனைகிறது. மாதவிடாய் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு பதினைந்தே நாளில் மறுபடியும் வந்து நிற்கிறது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், காரணமில்லாத அழுகை, வைத்த பொருள் நினைவில் இல்லாத தடுமாற்றம். "வயசாயிடுச்சு, இப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண்ணும் அதையே நம்பி வாயை மூடிக்கொள்கிறார்.

இவர்களில் ஒரு பகுதியினர் ஹோமியோபதியை நாடுகின்றனர். இனிப்பான சின்ன உருண்டைகள், பக்கவிளைவு இல்லை என்ற பேச்சு, ஹார்மோன் மாத்திரை மீதுள்ள பயம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணம். ஹோமியோபதி இந்தப் பருவத்தில் என்ன செய்கிறது, எதைச் செய்யாது, எந்த இடத்தில் அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நிற்பதற்கு முந்தைய ஆண்டுகள்

மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கணக்கிடுகிறது. இதையே மெனோபாஸ் என்கிறோம். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பானதன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தாம் பெரிமெனோபாஸ் எனப்படும் மாறுதல் காலம். சினைப்பைகள் ஒரே நாளில் வேலையை நிறுத்திவிடுவதில்லை. ஈஸ்ட்ரோஜென் ஒரு மாதம் மிக அதிகமாகச் சுரக்கிறது, மறு மாதம் சரிந்துவிடுகிறது. முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டெரோன் சுரப்பதில்லை. இந்த ஏற்ற இறக்கமே பாதித் தொல்லைகளுக்குக் காரணம். மூளையில் உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கும் பகுதி, ஈஸ்ட்ரோஜென் குறையும்போது அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. உடல் சூடு துளி கூடினாலும் பெரிய வெப்பம் தாக்கிவிட்டதுபோல் எண்ணி, தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறது. உடலில் பரவும் அந்தத் திடீர்ச் சூடு இப்படித்தான் உண்டாகிறது.

இந்தச் சூடு எத்தனை காலம் நீடிக்கும்? அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. அடிக்கடி சூடு பரவும் பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. சீன, ஜப்பானிய வம்சாவளிப் பெண்களுக்கு அது ஐந்தாண்டு அளவிலேயே இருந்தது. ஆளுக்கு ஆள் காலம் வேறுபடுகிறது என்பதையும், தொல்லை கூடுவதும் குறைவதும் இதன் இயல்பு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். எந்த மருந்தின் பலனை எடைபோடும்போதும் இது முக்கியம்.

ஹார்மோன் என்றால் ஏன் பயம்?

2002-ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்துவந்த ஹார்மோன் ஆய்வின் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் இரத்தக்கட்டும் கூடுதலாகக் காணப்பட்டதே காரணம். செய்தி உலகம் முழுவதும் பரவியது. மாத்திரைகளைப் பெண்கள் தூக்கி எறிந்தார்கள்.

ஆனால் அந்தச் செய்தியோடு வராத இரண்டு தகவல்கள் உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. தொல்லைக்கு மருந்து தேடும் ஐம்பது வயதுப் பெண்கள் அதில் குறைவாகவே இருந்தனர். கூடுதலாகக் கண்ட மார்பகப் புற்றுநோயும், ஆண்டுக்கு 10,000 பேரில் எட்டுப் பேர் என்ற அளவில்தான் இருந்தது. பின்னாளில் வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குட்பட்ட, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகாத, மற்றபடி ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே கூடுதல் என்பது தெளிவானது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் உறைமேல் இருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கும் முடிவை அறிவித்தது.

மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், இரத்தக்கட்டோ பக்கவாதமோ வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள் ஆகியோருக்கு ஹார்மோன் பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. மற்றவர்கள் பழைய பயத்தை மட்டும் வைத்து அதை ஒதுக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம்.

ஹோமியோபதி பார்க்கும் முறை

ஹோமியோபதியைத் தோற்றுவித்தவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன். 1755-ல் பிறந்து 1843-ல் மறைந்தவர். 1790-ல் சின்கோனா மரப்பட்டையைத் தாமே சாப்பிட்டுப் பார்த்தபோது, மலேரியாவைப் போன்ற குறிகள் தமக்கு ஏற்பட்டதாக அவர் எழுதினார். நலமாக உள்ளவரிடம் எந்தக் குறியை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே குறியுள்ள நோயாளியை அது குணமாக்கும் என்பது அவர் கண்ட கொள்கை. 1810-ல் வெளிவந்த 'ஆர்கனான்' என்ற நூலில் அதை விளக்கினார்.

மருந்தைப் படிப்படியாகக் கரைத்துக் குலுக்குவது இம்முறையின் இரண்டாவது தூண். ஒரு சொட்டு மருந்தை 99 சொட்டுக் கரைசலில் கலந்து குலுக்கினால் ஒரு படி. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மறுபடியும் 99 சொட்டில் கலந்தால் இரண்டாம் படி. இப்படி முப்பது முறை செய்தால் கடைகளில் காணும் 30 வீரியம் கிடைக்கிறது. வேதியியல் கணக்குப்படி பன்னிரண்டாம் படியைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. விஞ்ஞானிகள் ஹோமியோபதியை ஏற்கத் தயங்குவதற்கு முதற்காரணம் இதுவே.

ஹோமியோபதி மருத்துவர் நோயின் பெயருக்கு மருந்து கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். ஆகவே முதல் சந்திப்பே ஒரு மணி நேரம் நீளக்கூடும். சூடு எந்நேரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் தலைவலி, படுத்தால் குறைகிறதா கூடுகிறதா, தாகம் உண்டா, புளிப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா, யார்மேல் கோபம், எதற்குக் கண்ணீர் என்றெல்லாம் கேள்விகள் வரும்.

யாருக்கு எந்த மருந்து?

இந்தப் பருவத்துக்கென ஹோமியோபதி நூல்கள் அடிக்கடி குறிப்பிடும் மருந்துகள் சில உண்டு. தென் அமெரிக்கக் கொடும்பாம்பின் நஞ்சிலிருந்து தயாராகும் லாக்கசிஸ் முதலிடத்தில் இருக்கிறது. தூங்கி எழுந்ததும் தொல்லை கூடுபவர், கழுத்தில் சங்கிலியோ இறுக்கமான உடையோ தாங்காதவர், நிறையப் பேசுபவர், மாதவிடாய் வந்ததும் நிம்மதி அடைபவர் ஆகியோருக்கு உரியது என்பர்.

கணவாய் மீனின் மையிலிருந்து வருவது செபியா. குடும்பப் பாரத்தால் சலித்து, கணவர் பிள்ளைகளிடம்கூட ஒட்டுதல் குறைந்து, அடிவயிறு கீழே இறங்குவதுபோல் உணர்பவருக்கு இதைத் தேர்ந்தெடுப்பர். எளிதில் அழுகிறவர், ஆறுதல் சொன்னால் தேறுகிறவர், மூடிய அறையில் மூச்சு முட்டுகிறவர் என்றால் பல்சடில்லா. உள்ளங்கால் எரிந்து, போர்வைக்கு வெளியே காலை நீட்டிப் படுப்பவருக்கு சல்பர். கன்னம் சிவந்து வலப்பக்கத் தலைவலி வருபவருக்கு சாங்குனேரியா. சூடு ஏறும்போது தலை தெறிப்பதுபோல் துடித்தால் குளோனாயின்.

இவ்விவரங்களைப் படிக்கும் பெண்களில் பலர் தங்களையே அங்கே காண்கிறார்கள். வேறு எங்கும் கேட்கப்படாத கேள்விகளை ஒருவர் பொறுமையாகக் கேட்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நெரிசலான கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சந்திப்போடு இதை ஒப்பிட்டால், மக்கள் ஏன் ஹோமியோபதியை விரும்புகிறார்கள் என்பது விளங்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆறுதல் வேறு, மருந்தின் வேலை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கவே ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. ஒரு சாராருக்கு உண்மையான மருந்தும், மறு சாராருக்கு அதேபோல் தோன்றும் வெறும் உருண்டையும் கொடுத்து, யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் வைப்பது வழக்கம்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, ஹார்மோன் எடுக்க முடியாத நிலையில் சூட்டினால் அவதியுற்ற பெண்களிடம் இத்தகைய இரண்டு ஆய்வுகள் நடந்தன. இரண்டின் முடிவும் 2005-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் 83 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், பொது உடல்நிலை மதிப்பெண்ணில் ஹோமியோபதி பெற்றவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் சூட்டின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிரிட்டனில் 53 பெண்களிடம் நடந்த ஆய்வில் இரு சாராரும் முன்னேறினார்கள்; உருண்டையில் மருந்து இருந்ததா இல்லையா என்பதால் வேறுபாடு தென்படவில்லை.

ஹோமியோபதிக்குச் சாதகமான ஆய்வும் உண்டு. மெக்சிகோவில் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் மனச்சோர்வுற்ற 133 பெண்களிடம் ஆறு வாரங்கள் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. வெறும் உருண்டையைவிட ஹோமியோபதி பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்ததாக அது தெரிவித்தது. ஆயினும் ஆறு வாரங்களே நீடித்த ஒரு சிறிய ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. அதே 2015-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 61 நோய்நிலைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. எந்த ஒரு நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

"எனக்குக் கேட்டதே" என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஹார்மோன் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கும் சூடு பரவும் தடவைகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. தானாகத் தணியும் தொல்லை, நம்பிக்கை, ஒருவர் காதுகொடுத்துக் கேட்ட நிறைவு ஆகியவை சேர்ந்து உண்மையான நிம்மதியைத் தருகின்றன. அந்த நிம்மதியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சூட்டைத் தணிக்கும் நம்பிக்கையால் கருப்பையில் வளரும் கட்டியைத் தடுக்க முடியாது.

காத்திருக்கக் கூடாத குறிகள்

இந்தப் பருவத்தில் வரும் எல்லாத் தொல்லையையும் "மாதவிடாய் நிற்கும் கோளாறு" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. கீழ்க்காணும் குறிகளில் ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் கிளினிக்.

முதலாவது, நின்ற பிறகு வரும் இரத்தம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். இவ்வாறு இரத்தம் காணும் பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருப்பது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. மற்றவர்களுக்குக் காரணம் சாதாரணமானது. அந்த ஒன்பது பேரில் ஒருவரா இல்லையா என்பதை ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் மட்டுமே சொல்லும். இந்நோய் ஆரம்பத்திலேயே இரத்தப்போக்கால் தன்னைக் காட்டிக்கொடுப்பதால், உடனே வருபவர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். உருண்டை சாப்பிட்டுப் பார்ப்போம் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டால், இழப்பது அந்த வாய்ப்பைத்தான்.

இரண்டாவது, மாதவிடாய் நிற்கும் முன்பே கொட்டும் இரத்தம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்ற வேண்டியிருந்தாலும், கட்டி கட்டியாக வெளிப்பட்டாலும், உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலும் சோதிக்க வேண்டும். நார்க்கட்டியும் இரத்தச்சோகையும் இதன் பின்னால் இருக்கலாம். படியேறினால் மூச்சு வாங்குவது வயதால் அல்ல, இரத்தம் குறைந்ததால் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது.

மூன்றாவது, தைராய்டு. படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை, மனத்தளர்ச்சி, எடை மாறுதல் எல்லாம் தைராய்டு கோளாறிலும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் விடை கிடைத்துவிடும்.

நான்காவது, இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் 18 வயதுக்கு மேற்பட்டோரிடம் நீரிழிவு 31.4 விழுக்காடாக இருந்தது. நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு. இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுக்கும் பெண்ணுக்கு நள்ளிரவில் வியர்த்துக் கொட்டினால், அது மாதவிடாய் நிற்கும் சூடாகவும் இருக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கருவியால் சோதித்துப் பார்ப்பதே வழி.

ஐந்தாவது, வெளியே தெரியாத இழப்புகள். ஈஸ்ட்ரோஜென் குறைந்த முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. கெட்ட கொழுப்பும் கூடி, இதய நோய் வாய்ப்பு உயர்கிறது. இவற்றுக்கு வலி இல்லை என்பதால் யாரும் மருந்து தேடுவதில்லை.

ஆறாவது, மனம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் அது கோபமோ சலிப்போ அல்ல. அன்றே உதவி தேட வேண்டும்.

இவற்றோடு இன்னொன்று: மாதவிடாய் முறை தவறினாலும், முற்றிலும் நிற்கும்வரை கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. நாள் தள்ளிப்போனால் அதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஹோமியோபதியை நாடும்போது

மேற்சொன்ன பரிசோதனைகள் முடிந்து, ஆபத்தான காரணம் இல்லை என்று தெரிந்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் ஹோமியோபதியைத் துணையாக வைத்துக்கொள்வதில் பெரிய தீங்கு இல்லை. சில விதிகளை மட்டும் பின்பற்ற வேண்டும்.

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் ஹோமியோபதி அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாகும். சிகிச்சை தருபவர் பதிவு பெற்றவரா என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்பதால் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கடையில் வாங்கும் பொருளின் உறையில் மால் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டு ஆகியவற்றுக்குச் சாப்பிடும் மாத்திரைகளை யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது. அப்படி நிறுத்தச் சொல்பவரிடம் மறுபடியும் போகாமல் இருப்பது நல்லது.

'தாய்த் திரவம்' எனப்படும் மதர் டிங்சர் வேறு வகை. அதில் மூலிகைச் சாறும் மதுசாரமும் உண்மையாகவே உள்ளன. அது மற்ற மருந்துகளோடு மோதக்கூடும். பிளாக் கோஹோஷ் என்ற மூலிகையைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. உருண்டைபோல் தீங்கற்றது என்று எண்ணிக் குடிக்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காலக்கெடு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்தில் தூக்கமும் சூடும் சீரடையவில்லை என்றால் வேறு வழி தேட வேண்டும். பலன் நிரூபிக்கப்பட்ட ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. அது ஒத்துவராதவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் மன ஆலோசனையும் உள்ளன. பிறப்புறுப்பு வறட்சிக்கும் எரிச்சலுக்கும் எளிய பூச்சு மருந்துகள் உண்டு. வெட்கத்தால் இதைச் சொல்லாமலே பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

ஒரு குறிப்பேடு போதும்

ஹோமியோபதியிலிருந்து எல்லாப் பெண்களும் எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. தன் உடலைத் தானே கவனிப்பதுதான் அது. ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். மாதவிடாய் தொடங்கிய நாள், முடிந்த நாள், எத்தனை பேட், சூடு வந்த நேரம், தூங்கிய மணி, அழுத நாள் ஆகியவற்றை மூன்று மாதம் எழுதி வைக்கலாம். ஹோமியோபதி மருத்துவர் ஒரு மணி நேரம் கேட்டு அறிவதை, கிளினிக் மருத்துவர் இரண்டு நிமிடத்தில் இதைப் படித்து அறிந்துகொள்வார். "சும்மா களைப்பா இருக்கு டாக்டர்" என்ற ஒரு வரியைவிட அந்த நோட்டு ஆயிரம் மடங்கு பேசும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பருத்தி உடை, படுக்கையருகே விசிறி, மாலைக்குப் பிறகு காப்பியைத் தவிர்ப்பது, காரம் சூட்டைக் கிளப்பினால் குறைப்பது, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை, எலும்புக்காகப் பாலும் நெத்திலியும் கீரையும் ஆகியவை செலவில்லாத உதவிகள்.

குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. அம்மா எரிந்து விழுந்தால், "ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்று பிள்ளைகள் ஒரு வார்த்தை கேட்கலாம். சமையலறை வெக்கையில் வேர்த்து நிற்கும் மனைவியின் கையிலிருந்து கரண்டியைக் கணவர் வாங்கிக்கொள்ளலாம். கிளினிக்குக் கூடவே போகலாம்.

மாதவிடாய் நிற்பது நோயல்ல. அதன் பிறகும் ஒரு பெண்ணுக்கு முப்பது ஆண்டு வாழ்க்கை காத்திருக்கலாம். அந்த ஆண்டுகளை நலமாக வாழ, உருண்டையை விரும்புகிறவர் உருண்டையைச் சாப்பிடட்டும், மாத்திரையை விரும்புகிறவர் மாத்திரையைச் சாப்பிடட்டும். ஆனால் இரத்தம் ஏன் வருகிறது என்று தெரியாமல் இரண்டில் எதையும் வாயில் போட வேண்டாம். பரிசோதனை முதலில், சிகிச்சை அதற்கு அடுத்துத்தான்.